பூந்தமல்லிக்குக் கீழே ஒரு பழைய விரிசல்

இன்னைக்கு எபிசோடு எங்க அம்பத்தூர் வீட்டு சமையலறையில ஆரம்பிக்குது. 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டு மணிக்கு மேல. அலமாரியில இருந்த எவர்சில்வர் தட்டுகள் தானா கடகடன்னு ஆடுச்சாம். பூனைதான்னு நினைச்சு அம்மா அதட்டியிருக்காங்க. வெளியே வந்து பார்த்தா, மொத்தத் தெருவும் வாசல்ல நிக்குது. புதுச்சேரிக்கு அருகே கடலுக்கு அடியில் ஏற்பட்ட, 5.5 அளவுள்ள நிலநடுக்கம் அது.

"நம்ம ஊர்ல நிலநடுக்கமா?" இந்தக் கேள்வியோட நான் தேட ஆரம்பிச்சு, போய் நின்ன இடம் குஜராத்தின் கட்ச்.

இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த கண்டம், கோண்டுவானா. அது உடையும்போது நிலத்தின் மேலோடு இழுபட்டு, பல இடங்களில் நீளமான பள்ளங்கள் விழுந்தன. இதைத்தான் ரிஃப்ட்னு சொல்றாங்க. கட்ச் அப்படி ஒரு ரிஃப்ட். பள்ளம் மண்ணால் நிரம்பிடுச்சு. ஆனா ஓரத்து விரிசல்கள் உள்ளேயே இருக்கு. அப்புறம் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா ஆசியாவோடு மோதியது. இன்னும் மோதிக்கிட்டே இருக்கு. அன்னைக்கு இழுத்ததால உண்டான விரிசலை, இன்னைக்கு அந்த அழுத்தம் நெருக்குது. தாங்க முடியாத கட்டத்தில் பாறை சட்டென்று நழுவும்.

1819 ஜூன் 16 அன்று அப்படி நழுவியபோது, கட்ச் சமவெளியில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேடே எழும்பிடுச்சு. மனுஷன் கட்டாத கரைங்கிறதால மக்கள் அதை 'அல்லா பந்த்'னு கூப்பிட்டாங்க. பக்கத்தில் இருந்த சிந்த்ரி கோட்டை தண்ணீரில் மூழ்கியது. 1956-ல் அஞ்சார் நகரம் இடிந்தது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8:46-க்கு 7.7 அளவில் பூஜ் நிலநடுக்கம். 13,000 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

இதில் என்னை உறுத்தினது அகமதாபாத்தான். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற நகரம். ஆனாலும் அங்கே பல அடுக்குமாடிகள் சரிந்தன. நிறைய கட்டடங்களில் கீழ்த்தளம் கார் நிறுத்துற இடம். சுவரே இல்லாம வெறும் தூண்கள். மேலே மொத்த எடையும். அகமதாபாத் இருந்தது நிலநடுக்க வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தில். 2002-ல் அந்த வரைபடத்தைத் திருத்தினாங்க. அப்போ இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு வந்த ஊர்களில் ஒண்ணு சென்னை.

நம்ம பக்கமும் ஒரு பழைய ரிஃப்ட் உண்டு. அண்டார்டிகா பிரிஞ்சு போன காலத்தில் உருவான பாலாறு படுகை. அதில் படிந்த சேறுதான் இறுகி, பூந்தமல்லிக்குப் பக்கத்துல காட்டுப்பாக்கத்துல மண்ணுக்கு அடியில களிப்பாறையா கிடக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதே கோண்டுவானா காலத்துச் செடிகளின் புதைபடிவங்களும் கிடைச்சிருக்கு.

பயப்பட வேண்டாம். கட்ச் மாதிரி பெரிய நிலநடுக்க வரலாறு சென்னைக்கு இல்லை. ஆனா ஆவடி, அம்பத்தூர்ல ஃப்ளாட் பார்க்கப் போறவங்க கார் பார்க்கிங் இருக்கான்னு கேட்கிறோம் இல்லையா? கூடவே, அந்தத் தூண்களை நிலநடுக்க விதிப்படி வடிவமைச்சது யாருன்னும் கேளுங்க. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வாங்கிப் பாருங்க.

எங்க அம்மா அன்னைக்கு அதட்டினது பூனையை இல்ல. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.