அபினி வைத்திருத்தல் (இந்தியச் சட்டம்)

அபினி வைத்திருத்தல் என்பது, சட்டம் அனுமதித்த வகையில் அன்றி ஒருவர் அபினியைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டிருப்பதைக் குறிக்கும் குற்றமாகும். இந்தியாவில் இது 1985 வரை அபினிச் சட்டம், 1878 இன் கீழும், அதன் பின்னர் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 இன் கீழும் தண்டனைக்குரியதாகும். "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்கு இவ்விரு சட்டங்களும் வரைவிலக்கணம் தரவில்லை. எனவே அதன் பொருளை நீதிமன்றங்களே தீர்ப்புகள் வாயிலாக வரையறுத்துள்ளன.

சட்டப் பின்னணி

பிரித்தானிய இந்தியாவில் அபினி அரசுக்கு முக்கிய வருவாய் ஈட்டித் தந்தது. 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு மேல் அபினியை வைத்திருப்பது, கொண்டு செல்வது, விற்பது ஆகியவற்றைத் தடை செய்தது. 9 ஆம் பிரிவு தண்டனையை விதித்தது. தம்மிடம் இருந்த அபினிக்குத் தகுந்த விளக்கம் தர இயலாதவர் குற்றம் புரிந்தவராகவே அனுமானிக்கப்படுவார் என 10 ஆம் பிரிவு கூறியது. பின்னர் அபாயகரமான மருந்துகள் சட்டம், 1930 இயற்றப்பட்டது. 1985 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் நீக்கியது.

அறிந்து வைத்திருத்தல்

தொடர்வண்டிப் பொதி ஒன்றைப் பெற்றுக்கொண்டவர், அதனுள் அபினி இருந்ததை அறியாவிடினும் குற்றவாளி ஆவாரா? இவ்வினா இந்தர் சைன் எதிர் பஞ்சாப் மாநிலம் (1973) வழக்கில் எழுந்தது. அபினி என்று அறிந்து வைத்திருப்பதே குற்றம் என இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அந்த அறிவை அரசுத் தரப்பு தனியே மெய்ப்பிக்க வேண்டுமெனில் 10 ஆம் பிரிவு பயனற்றதாகிவிடும். ஆகவே பொருள் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பில் இருந்ததை அரசுத் தரப்பு காட்டினால் போதும். தாம் அறியவில்லை என்பதை அவரே காட்ட வேண்டும். எனினும் அதற்கு ஐயத்திற்கு இடமற்ற சான்று தேவையில்லை. அவர் கூற்று உண்மையாயிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டுவது போதுமானது.

1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு இதனினும் கடுமையானது. இதன்படி குற்றமனம் இல்லை என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். நூர் ஆகா எதிர் பஞ்சாப் மாநிலம் (2008) வழக்கில் இப்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பித்த பின்னரே இவ்வனுமானம் எழும் எனவும் வலியுறுத்தியது.

பழைய சட்டமா, புதிய சட்டமா?

புதிய சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னர், நவம்பர் 12 இரவில், இராசத்தானில் ஒரு நீதிமன்றத்தின் வழக்குப்பொருள் காப்பறையிலிருந்து அபினி திருடப்பட்டது. ஒரு சிறு பாலத்தின் அடியில் குழியில் மறைக்கப்பட்டிருந்த அது 1986 சனவரி 16 அன்று மீட்கப்பட்டது.

1930 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற்குற்றத்துக்கு உச்சத் தண்டனை 3 ஆண்டுச் சிறை. புதிய சட்டத்தின் 18 ஆம் பிரிவிலோ அப்போது குறைந்த அளவே 10 ஆண்டுகள். செயல் நிகழ்ந்தபோது இருந்த சட்டத்தை மீறித் தண்டிப்பதை அரசியலமைப்பின் 20(1) ஆம் உறுப்பு தடுப்பதால், திருடிய நாளா மீட்ட நாளா என்பது முதன்மை பெற்றது.

மோகன் லால் எதிர் இராசத்தான் மாநிலம் (2015) தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வைத்திருத்தல் என்பது ஒரு நொடியில் முடிந்துவிடும் செயலன்று எனக் கொண்டது. மறைவிடத்தை அறிந்து, பொருளைத் தம் ஆளுகையில் வைத்திருக்கும் எண்ணம் நீடிக்கும் வரை, பொருள் கையில் இல்லாவிடினும் வைத்திருத்தல் தொடர்கிறது. எனவே புதிய சட்டப்படி விதிக்கப்பட்ட 10 ஆண்டுத் தண்டனை உறுதி செய்யப்பட்டது.

அளவும் தண்டனையும்

2001 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தண்டனை அளவைப் பொறுத்து அமைகிறது. அபினிக்குச் சிற்றளவு 25 கிராம். வணிக அளவு 2.5 கிலோகிராம். வணிக அளவிற்கு 10 முதல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்படும்.

இவற்றையும் பார்க்க
- அபினி
- கசகசா
- குற்றமனம்
- இந்திய உச்ச நீதிமன்றம்