கூடினால் குற்றமா?

செல்வர் சிலர் கூடுகின்றனர், பணத்தைக் குவிக்கின்றனர், கம்பெனி என்று பெயர் சூட்டுகின்றனர். சட்டம் அக்கூட்டத்தை ஓர் ஆளாகவே மதித்து வணங்குகிறது. உழைப்பாளர் கூடுகின்றனர், உண்ண நேரம் கேட்கின்றனர், உரிய கூலி கேட்கின்றனர். அந்தக் கூட்டத்திற்குச் சட்டம் நெடுங்காலம் சூட்டிய பெயர் யாது? சதி!

கட்டுக்கதையன்று தோழர்களே, சென்னைப் பெரம்பூரிலே நடந்த வரலாறு இது.

பக்கிங்காம், கர்னாடிக் எனும் இரு பெரும் ஆலைகள். ஆள்வோர் பின்னி கம்பெனியார். நெசவாலைகளில் ஆண் தொழிலாளியிடம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இடையே சோறுண்ணக் கிடைத்ததோ அரைமணி நேரம்! அந்த ஏக்கத்திலும் எரிச்சலிலும் பிறந்ததே, 1918 ஏப்ரல் 27-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றனர், பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. தோள் கொடுத்தார்.

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையின் கதவு மூடப்பட்டது. டிசம்பரில் போலீசார் சுட்டனர். தொழிலாளர் குருதி தெருவிலே சிந்தியது. ஆனால், துப்பாக்கியினும் கொடிய கருவியொன்று கம்பெனியின் கையில் இருந்தது. அதுதான் ஒப்பந்தச் சட்டம்! வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்று சங்கத் தலைவர்கள்மீது நட்டஈட்டு வழக்கு, உயர்நீதிமன்றத்தின் தடையுத்தரவு. முடிவு? வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகினார், வழக்கு வற்புறுத்தப்படவில்லை. தலைவனைச் சங்கத்திடமிருந்து பிரிப்பதே வழக்கை விடுவதற்கு விலை!

இதே ஆயுதத்தை இங்கிலாந்து முதலாளிகளும் ஏந்தியதுண்டு. டாஃப் வேல் ரயில்வே வழக்கில், சங்கத்தின் பணத்திலிருந்தே நட்டஈடு பெறலாம் என்று 1901-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 23,000 பவுன் பறிபோயிற்று. ஆங்கிலத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர், வாக்குச்சீட்டை வாளாக்கினர், 1906-லேயே பாதுகாப்புச் சட்டம் பெற்றனர். அங்கே 1906-இல் உரிமையானது, இங்கே 1920-இல் குற்றம்! கடல் கடந்ததும் நீதி நிறம் மாறிற்றோ? இல்லை, அங்கே தொழிலாளிக்கு வாக்கு இருந்தது, இங்கே இல்லை.

மேலே சட்டம் விலங்கிட்டது. உள்ளே சாதி பிளந்தது. 1921-இல் மூண்ட வேலைநிறுத்தத்தில் ஆதித்திராவிடரும் பிற சாதியாரும் எதிரெதிரே நின்றனர், புளியந்தோப்பு பற்றி எரிந்தது, வேலைநிறுத்தம் தோற்றது. ஒரே தறியில் உழைத்தோரை ஊரும் சேரியுமாகப் பிரித்து வைத்த பழமை, முதலாளிக்குக் கூலி வாங்காத காவலனாயிற்று.

எனினும் பெரம்பூரின் துயரம் வீண்போகவில்லை. 1921 மார்ச்சில் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் கோரினார்; 1926-இல் சட்டம் நிறைவேறியது; 1927 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான செயல் சதியாகாது என்றது 17-ஆம் பிரிவு; தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதை மட்டுமே காட்டி வழக்காட முடியாது என்றது 18-ஆம் பிரிவு. வாடியாவை வீழ்த்திய வாள் முறிந்தது!

2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்பு, அந்த 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. முன்பு இத்தகைய விதி பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கே இருந்தது. கதவடைப்புக்கும் இதே விதிதானே என்பர் சிலர். கிடங்கு நிறைந்தவனுக்கும் அடுப்பு அணைந்தவனுக்கும் 14 நாள் ஒரே நீளமா என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் வானத்திலிருந்து விழுவதன்று, வலுவுள்ளோர் எழுதுவது. வலு, கூடுவோரிடம் உண்டு. கூடுவோம், ஆனால், சாதியைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுக் கூடுவோம்!