மேட்டுல பூசணம், போடியில வெடிப்பு: பழைய மர நாற்காலியை மீட்பது எப்படி?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே கிளம்பும்போது சட்டை வியர்வையில் ஒட்டும். 4,000 அடிக்கு மேல ஏறி, மெட்டுல இறங்கினா ஸ்வெட்டரைத் தேடுவோம். இந்த மாற்றம் நமக்கு ஜாலி. மர நாற்காலிக்கு அப்படி இல்ல.

ஏலத்தோட்டத்து வீடுகளின் வராந்தாவுல தாத்தா காலத்து சாய்வு நாற்காலியோ, ஒரு நீள பெஞ்சோ கிடக்கும். தோட்டத்தை வித்துட்டுக் கீழே வர்றவங்க அதையும் ஜீப் மேல கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்துடுவாங்க. போடியில அது மொட்டைமாடிக்குப் போகும். ஒரே கோடையில கால் ஆடும், பலகை வெடிக்கும், 'மரம் செத்துப்போச்சு'ன்னு விறகுக்குப் போயிடும். பெரும்பாலும் மரம் சாகல. மேலே குடிச்ச ஈரத்தை, கீழே இருக்கிற வெயில் அவசரமா உறிஞ்சினதுதான் சிக்கல்.

ஏலக்காய் ஊருக்கு இதைப் புரியவைக்கிறது ஈஸி. காயை உலர்த்தும்போது சூடு கூடினா என்ன ஆகும்? காய் வெடிக்கும், பச்சை நிறமும் போயிடும். மரமும் அதே கதைதான். அதனால மலையிலிருந்து இறக்கின நாற்காலியை முதல்ல நிழல்ல, காத்தோட்டமான இடத்துல வைங்க. வாரம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்க. எடை குறையறது நின்னதும் வேலையைத் தொடங்கலாம். மூணு, நாலு வாரம்கூட ஆகும். பொறுமை இல்லாதவங்க இங்கேதான் கோட்டை விடுறாங்க.

சாம்பல் நிறம் நோய் இல்ல

வெளியில கிடந்த மரம் ஏன் சாம்பலாகுது? மரநாரை ஒட்டிப்பிடிச்சு வெச்சிருக்கிற பசை மாதிரியான பொருள் லிக்னின். வெயிலில் இருக்கிற புற ஊதாக்கதிர் அதைச் சிதைக்குது. சிதைஞ்சதை மழை கழுவிட்டுப் போயிடுது. மிச்சம் நிக்கிற வெளுத்த நார்தான் அந்தச் சாம்பல். இது தோல் அளவு விஷயம்தான். இப்படித் தேயற மரம் நூறு வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் இழக்கும். லண்டன் பூங்காக்களில் தேக்கு பெஞ்சுகளைப் பூச்சு எதுவும் இல்லாம சாம்பலாகவே விட்டுடுறாங்க. உங்களுக்கும் அந்த நிறம் பிடிச்சிருந்தா, கழுவித் துடைச்சிட்டு அப்படியே விட்டுடலாம். தப்பே இல்ல.

பயப்பட வேண்டியது மட்கலுக்குத்தான். ஸ்க்ரூ டிரைவர் முனையால கால்களின் அடிப்பகுதியையும் மூட்டுகளையும் குத்திப் பாருங்க. 'டக்'னு நின்னா மரம் நல்லா இருக்கு. கேக்ல இறங்கற மாதிரி இறங்கினா மட்கிப்போச்சு, அந்தத் துண்டை மட்டும் ஆசாரிகிட்ட மாத்தச் சொல்லுங்க. மரத்தில் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தா மட்கவைக்கிற பூஞ்சையால வளர முடியாது. பழசைக் காப்பாத்தறதுன்னா பாதி வேலை அதைக் காய்ஞ்ச நிலையில வெச்சிருக்கறதுதான்.

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அது என்ன மரம்னும் பார்த்துடுங்க. கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடி, கனமா இருந்தா அது ஈட்டியா, அதாவது தோதகத்தியா இருக்கலாம். இந்த மரத்தைப் பாதுகாக்க 1994-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துச்சு. 2017 ஜனவரியிலிருந்து இந்த மரக்குடும்பம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க.

தேய்க்கறதுக்கு முன்னாடி

நாற்காலியில பழைய பெயின்ட் இருக்கா? அப்போ உப்புத்தாளைக் கீழே வைங்க. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாதுங்கற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் நிறையவே இருக்கலாம். அதைக் காய்ஞ்ச நிலையில தேய்ச்சா பறக்கிற தூசு குழந்தைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயின்ட் ரிமூவர் போட்டு, ஈரமாவே சுரண்டி எடுங்க. அதுக்கும் கையுறை, மாஸ்க், காத்தோட்டம் மூணும் வேணும். வீட்டுல கைக்குழந்தை இருந்தா அந்த வேலையே வேண்டாம், வெளியில கொடுத்துடுங்க.

பெயின்ட் இல்லாத மரத்துக்கு மிதமான சோப்புத் தண்ணியும் நைலான் பிரஷ்ஷும் போதும். பைக் கழுவற பிரஷர் பம்ப் வேண்டாம். மெத்துன்னு இருக்கிற நாரைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். இரும்பு ஆணியைச் சுத்தி இருக்கிற கறுப்புக் கறை சோப்புக்கு அசையாது. மரத்தில் இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்து உண்டான கறை அது. ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 30 கிராம் ஆக்ஸாலிக் ஆசிடை பிளாஸ்டிக் வாளியில் கரைச்சுத் தடவினா வெளுக்கும். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிளீச்சிங் பவுடரோட கலக்கவே கூடாது, கடைசியில நல்லா அலசிடணும். அந்த இரும்பு ஆணியைப் பிடுங்கிட்டு பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டா கறை திரும்ப வராது.

காய்ஞ்சதும் 80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 180-னு போங்க. எப்பவும் ரேகை ஓடற திசையில மட்டும். ஆடற மூட்டுக்கு மேலாக ஆணி அடிக்கறது நம்ம ஊர் வழக்கம், அதுதான் மரத்தைப் பிளக்கும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிட்டு, தண்ணி தாங்கற பசை போட்டு இறுக்கிக் கட்டி ஒருநாள் விடுங்க.

பூச்சுதான் ஊருக்கு ஊர் மாறணும். பளபளன்னு இருக்கே என்று போடி வெயிலில் சாதா வார்னிஷ் அடிச்சா, அந்தப் படலம் வெடிச்சு உரியும். அந்த இடுக்கில் தண்ணி நுழையும். இங்கே மெல்லிய நிறம் கலந்த, மரத்துக்குள்ள இறங்கற வெளிப்புற வுட் ஸ்டெய்ன் நல்லது. அதில் இருக்கிற நிறமிதான் புற ஊதாக்கதிரைத் தடுக்குது. மேட்டுல வீடு இருக்கறவங்க, பெரியவங்க சொல்றாங்களேன்னு வெறும் ஆளிவிதை எண்ணெயைப் பூசாதீங்க. பனிமூட்டத்தில் அந்த எண்ணெயே பூசணத்துக்குச் சாப்பாடு, ஒரே மழைக்காலத்துல கரும்புள்ளி பூத்துடும். பூஞ்சைத் தடுப்பு கலந்த பூச்சான்னு டப்பாவைப் பார்த்து வாங்குங்க. கடையில் 'டீக் ஆயில்'னு விக்கிறதைத் தேக்கிலிருந்து பிழிஞ்சதுன்னு நினைச்சுக்க வேண்டாம். பெரும்பாலும் அதுவும் ஆளிவிதை மாதிரியான எண்ணெயும் தின்னரும் கலந்ததுதான்.

ரெண்டு இடத்துக்குமே ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். மெல்லிசா ரெண்டு கோட் போதும், 15 நிமிஷத்துல மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடணும். கால்களின் அடியை மறக்காதீங்க. மரம் தண்ணியை அதிகமா உறிஞ்சறது வெட்டுமுகத்து வழியாத்தான். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அங்கே மட்டும் மூணு, நாலு தடவை பூசி, ரப்பர் புஷ் மாட்டுங்க.

எண்ணெய் துடைச்ச துணியைக் கசக்கி மூலையில போட்டுட்டுப் போயிடாதீங்க. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும், சுருட்டின துணி தானாவே தீப்பிடிக்கும். கொடியில விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணி நிறைஞ்ச தகர டப்பாவுல முக்கி மூடிவைங்க.