மணல் புகுந்த எலும்பு

குமரிக் கடற்கரையில் கதம்பையை அழுகப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, கயிறு திரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஈரத் தும்பில் கடல்மணல் ஒட்டுவது வாடிக்கைதான். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் உற்றுப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. கண்டுபிடித்தவர் என்று ஷோம்பெர்க்கின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தக் கயிற்றைத் திரித்தவளின் பெயர் எங்கும் இல்லை.

மோனசைட்டில் தோரியம் உண்டு. நம் கல்யாண வீடுகளில் இரைந்து எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலுக்கு வெளிச்சம் தந்தது அதுதான். தோரியம் எடுத்தபின் மிஞ்சியதில் ‘மீசோதோரியம்’ என்றொரு பொருள் கிடைத்தது. அதுவும் ஒருவகை ரேடியமே, ஆனால் அசல் ரேடியத்தைவிட விலை குறைவு. ஆகவே இருட்டில் ஒளிரும் கடிகாரச் சாயத்தில் அதையும் கலந்தார்கள். மேன்டில் தொழிலுக்கான மணலைத் தந்த பெரிய இடங்கள் இரண்டு: பிரேசில், திருவிதாங்கூர். எந்தக் கரையின் மணல் எந்தச் சாயத்தில் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வியாபாரத்தின் பாதை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பாதை போய்ச் சேர்ந்த ஓர் ஊர் அமெரிக்காவின் நியூஜெர்சியிலுள்ள ஆரஞ்ச். அங்கே இளம்பெண்கள் கடிகார முகப்பில் எண்களை எழுதினார்கள். தூரிகையின் முனை கூர்மையாக இருக்க வேண்டும் என்பதால் உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாயம் வயிற்றுக்குள் போனது. மோலி மாகியாவுக்குப் பல் விழுந்தது, பிறகு தாடையெலும்பே பெயர்ந்து வந்தது. 1922இல், 24 வயதில் இறந்தாள். சான்றிதழில் எழுதிய காரணம் சிஃபிலிஸ்! பெண்ணின் நோய்க்கு விளக்கம் தெரியாவிட்டால் அவளுடைய ஒழுக்கத்தில் தேடுவது எவ்வளவு சுலபம், பாருங்கள். 1927இல் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள். சிஃபிலிஸின் சுவடே இல்லை. எலும்புகளில் கதிர்வீச்சு இருந்தது. அவளுடைய சகோதரிகள் இருவர் உட்பட ஐந்து பெண்கள் வழக்காடி, 1928இல் இழப்பீடு பெற்றார்கள்.

எலும்பு ஏன் மாட்டிக்கொண்டது? எலும்பை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ள திசு. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். கட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். ரேடியம் கால்சியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் ஏமாந்து, அதையும் செங்கல்லாக வைத்துக் கட்டிவிடுகிறது. ரேடியத்தின் ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. எலும்புக்குள் குடியேறிவிட்டாலோ பக்கத்துச் செல்லை விடாமல் சுட்டுக்கொண்டிருக்கும்.

எலும்பில் எந்த இடத்தில் என்ற கேள்வியை விடாமல் துரத்தியவர்களில் முக்கியமானவர் ஜேனட் வாகன். 1899இல் இங்கிலாந்தில் பிறந்த மருத்துவர், வர்ஜீனியா வுல்ஃபின் உறவினர். இளம் வயதில் ஹார்வர்டுக்குப் போனபோது, பெண் என்பதால் நோயாளிகளைத் தொட விடவில்லை. எலிகளையாவது கொடுங்கள் என்றார், அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் புறாக்களை வைத்து ரத்த ஆராய்ச்சி செய்தார். 1945 முதல் 1967 வரை ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் பெண்கள் கல்லூரிக்கு முதல்வர். அந்த நிர்வாகத்துக்கு நடுவேதான் எலும்பில் தங்கும் கதிரியக்கப் பொருட்களைப் பற்றிய ஆய்வுக்குழுவையும் நடத்தினார். அணுகுண்டுச் சோதனைகளின் ஸ்ட்ரான்சியம் குழந்தைகளின் பாலில் கலந்துவந்த காலம் அது.

முயல்களின் எலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, படச்சுருளில் பதித்துப் பார்த்தார்கள். புளூட்டோனியம் எலும்பின் மேற்பரப்பில், செல்கள் கூடியிருக்கும் இடத்திலேயே படிகிறது. ரேடியமோ நாளடைவில் எலும்புக்குள் புதைந்துபோகிறது. ஆகவே மொத்த அளவு ஒன்றாயிருந்தாலும் கேடு ஒன்றல்ல. இந்த ஆய்வுகளை அவர் நூலாக எழுதியதெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு. ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது 1979இல், எண்பதை நெருங்கும்போது. ஆண்களுக்கு இவ்வளவு நேரம் பிடிப்பதில்லை!

மணவாளக்குறிச்சிக்குத் திரும்புவோம். ஆலை இன்று மத்திய அரசு நிறுவனத்தினுடையது. கறுப்பு மணலில் நடந்தாலே புற்றுநோய் என்ற பயம் கரையில் உண்டு. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. தரையிலிருந்து வரும் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அது காணவில்லை. ஆறுதலான செய்திதான், அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அது உடலுக்கு வெளியே இருந்து வரும் கதிரின் கணக்கு. மோலியைக் கொன்றது வெளியே இருந்ததல்ல, விழுங்கியது. மணல் காயும் இடத்தில் தூசியை மூச்சில் இழுப்பவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். மூச்சோடு போன தோரியம் நுரையீரலில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கி, எலும்பின் மேற்பரப்பை அடைகிறது: வாகன் தன் முயல்களில் தேடிய அதே இடத்தை.