எட்டணா வாடகையும் ஒரு நூற்றாண்டுப் பயன்பாடும்: சென்னை விக்டோரியா பொது அரங்கின் குத்தகை குறித்த மறுஆய்வு

உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரிய மரபுக் கட்டடங்கள் பயனற்றுப் பூட்டிக்கிடப்பதன் காரணத்தை ஆராய்ந்தோரில் ஒரு சாரார், பெயரளவு வாடகைக்கு, அதாவது சந்தை மதிப்போடு தொடர்பற்ற அடையாளத் தொகைக்கு, நெடுங்காலக் குத்தகை விட்டதே சீரழிவின் தோற்றுவாய் எனக் கருதுகின்றனர். சென்னை விக்டோரியா பொது அரங்கம் இக்கருத்துக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால், அந்தக் குத்தகையை அது எழுந்த சூழலில் வைத்து நோக்கினால் இம்முடிவு நிலைபெறுவதில்லை. வாடகை குறைவாக இருந்ததைக் காட்டிலும், குத்தகைக்காலம் முடிந்தபின் கட்டடத்துக்குப் பொறுப்பு யார் என்பது தீர்க்கப்படாமல் விடப்பட்டதே அதன் வெறுமைக்கு வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

விவாதத்துக்குரிய செய்தி சுருக்கமானது. 1886ஆம் ஆண்டு முதல் 99 ஆண்டுகளுக்கு, 57 கிரவுண்டு நிலம், கிரவுண்டு ஒன்றுக்கு எட்டணா வீதம், நகர மண்டபம் அமைப்பதற்கென உருவான அறக்கட்டளைக்கு நகராட்சியால் அளிக்கப்பட்டது. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி ஆதலின் மொத்தப் பரப்பு மூன்று ஏக்கரைச் சற்றே கடக்கிறது. ஆண்டு வாடகையோ முப்பது ரூபாயைக்கூட எட்டவில்லை. இந்த எண்ணை இன்றைய நிலமதிப்போடு ஒப்பிட்டு, நகராட்சி ஒரு நூற்றாண்டு வருவாயை இழந்தது என்று கணக்கிடுவது எளிது. அக்கணக்கு, வேறொருவருக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையை இழப்பாகக் கொள்ளும் வாய்ப்புச் செலவு என்னும் கருத்தின்மேல் நிற்கிறது. அவ்வாறு விடுவதற்கு உண்மையில் வழி இருந்ததா என்பதை அது கேட்பதில்லை.

வழி மிகக் குறைவாகவே இருந்தது என்று கொள்ள இடமுண்டு. அந்நிலம் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் மக்களின் பொழுதுபோக்குக்கென வகுக்கப்பட்ட பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதியாகும். பூங்கா நிலத்துக்குச் சந்தை வாடகையை அளவுகோலாக்குவது பொருந்தாது. அதோடு, கட்டடத்தை எழுப்பியது நகராட்சிப் பணம் அன்று. விஜயநகரம் சமஸ்தான அதிபதி ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டி முன்னின்று உதவ, வேறு பல அரசர்களும் செல்வர்களும் நிதி அளித்தனர். ராபர்ட் சிஷோம் வரைந்த வடிவத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். நிலம் நகராட்சியின் பங்கு, கட்டடம் நன்கொடையாளரின் பங்கு, நிர்வாகம் அறக்கட்டளையின் பங்கு என்ற கூட்டேற்பாட்டில் எட்டணா என்பது நிலவுரிமை யாருடையது என்பதை ஆண்டுதோறும் உறுதிப்படுத்திய ஒப்புகைத் தொகையே. அதனை வருவாய் இனமாக வாசிப்பது பிழை.

இதற்கு எதிராக மூர் மார்க்கெட்டைச் சுட்டலாம். இந்த மறுப்பு கருதத்தக்கது. அதே பூங்கா நிலத்தில் 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் நகராட்சி கடைகளை வாடகைக்கு விட்டது. எனவே பூங்கா நிலத்திலிருந்து வருவாய் ஈட்டும் வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. எனினும் சந்தைக் கட்டடம் நகராட்சியே எழுப்பியது. முதலிட்டவர் வாடகை பெறுவதும், முதலிடாதவர் பெறாமல் விடுவதும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். மேலும், வாடகை ஈட்டிய மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டுத் தீயோடு முடிந்தது; எட்டணா மண்டபம் இன்றும் நிற்கிறது. தீயை வாடகையோடு தொடர்புபடுத்த முடியாது என்பது உண்மையே. ஆயினும், வருவாய் ஈட்டும் கட்டடமே பிழைக்கும் என்ற துணிவு இந்த அண்டை வரலாற்றின் முன் தளர்கிறது.

மண்டபத்தை வாழவைத்தது தொடர்ந்த பயன்பாடு. 1897இல் விவேகானந்தர் அங்கு உரையாற்றினார். நகரின் தொடக்ககாலச் சலனப்படக் காட்சிகளும் அங்கேதான் நடந்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் குழுவான சுகுண விலாச சபை 1902 முதல் 1936 வரை அதனைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. ஒரு நிலையான குடியிருப்பாளர் இருந்தவரை மேடையும் மரத்தளமும் கூரையும் கவனிக்கப்பட்டன எனலாம். சபை மவுண்ட் ரோட்டுக்குப் பெயர்ந்தபின் அவ்வகைப் பொறுப்பாளர் மீண்டும் அமையவில்லை. 1985இல் குத்தகை முடிந்தபோதோ அடுத்த ஏற்பாடு ஏதும் ஆயத்தமாக இல்லை. அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்குகள் நீண்டன. பருவமழை ஒவ்வொன்றும் சுண்ணாம்புக் காரையைத் தின்ற அக்காலத்தில் செலவிட எவருக்கும் உறுதியான உரிமை இல்லை. எட்டணாவை எட்டாயிரமாக்கியிருந்தாலும் இந்த இடைவெளி நிரம்பியிராது.

அம்மண்டபம் படித்த மேட்டுக்குடியினர்க்கே உரியதாயிருந்தது, ஆகவே அதனைச் சமுதாயக் கட்டடத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்ற வாதம் இங்கு நெடிது பேசத்தக்கதன்று. சபையின் உறுப்பினர் பட்டியல் வேறு, கட்டணச் சீட்டு வாங்கி அமர்ந்த பார்வையாளர் கூட்டம் வேறு.

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் முப்பது கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் மேற்கொள்ளப்பட்ட புதுப்பிப்பை இந்தப் பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும். மறுபயன்பாடு, அதாவது பழைய கட்டடத்தின் இயல்பைக் கெடுக்காமல் புதிய பணிக்கு உரியதாக்குதல், செங்கல்லோடு முடிந்துவிடுவதில்லை. உயர்ந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் தந்த காற்றோட்டத்தைக் கைவிட்டுக் குளிர்சாதனத்தை மட்டுமே நம்பினால் மின்கட்டணம் ஏறும். அது நாள்வாடகையில் விழும். சிறு நாடகக் குழுவும் பள்ளி ஆண்டுவிழாவும் வெளியே நிற்கும். ஆகவே குறுகிய கால உரிமம், குழுவின் தன்மைக்கேற்ற கட்டண விகிதம், வசூலில் ஒரு பங்கைத் தொடக்கூடாத பராமரிப்பு நிதியாக ஒதுக்குதல், உரிமம் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே அடுத்த பொறுப்பாளரைத் தீர்மானித்தல் ஆகியவற்றை மாமன்றம் தீர்மானமாகவே நிறைவேற்றுவது இன்றியமையாதது. இவற்றுள் இறுதியானது 1985இல் செய்யப்படவில்லை. அதனை இப்போதும் செய்யாமல் விட்டால் செலவிட்ட கோடிகள் இக்கட்டடத்தை இன்னொரு பூட்டிலிருந்து காக்கா.