பல்லாவரம் பாரக்ஸில் நின்றவர்கள்

கே.கே. நகரிலிருந்து கத்திப்பாரா தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால் பல்லாவரம். வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. பழைய இரும்பு, புறா, செடி, ஓடாத ரேடியோ எல்லாம் கிடைக்கும். முன்பு மாட்டுச் சந்தை. இது கன்டோன்மென்ட் ஊர் என்பதை வாங்க வருகிறவர்கள் நினைப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் இங்கே தங்கியிருந்தார்கள். பக்கத்துப் பறங்கிமலைதான் சென்னை பீரங்கிப் படையின் தலைமையிடம்.

பல்லாவரம் வரலாறு என்றதும் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியைச் சொல்வார்கள். அது கிடைத்ததே பட்டாளத் திடலில்தான். கற்கால மனிதனுக்கு வரலாற்றில் இடம் உண்டு. அந்தத் திடலில் துப்பாக்கி தூக்கி நின்றவன் யார் என்று கேட்பாரில்லை.

சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பண்ணையாளாகக் கிடந்தவனுக்குப் பட்டாளம் மாதச் சம்பளம் கொடுத்தது, ஓய்வூதியம் கொடுத்தது. 1818 கோரேகானில் மகர் வீரர்களோடு இரண்டு பீரங்கிகளுடன் நின்றது சென்னை பீரங்கிப் படையின் ஒரு பிரிவு. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று கோரேகானைப் பேசுகிற நம் மேடைகளில் இதை நான் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செய்ய வந்தான் என்று சொல்லவில்லை. அவனுக்குக் குறைந்த கூலிக்கு உயிர்கள் வேண்டியிருந்தன. பாரக்ஸின் மலக்கூடத்தைச் சுத்தம் செய்ததும் நம் ஆட்கள்தான்.

பிறகு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டியவர். 'வீர இனம்' என்ற கதை சட்டம் மாதிரி ஆயிற்று. 1890களில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. சென்னைக் காலாட்படைகள் சில கலைக்கப்பட்டன, சில பஞ்சாபிகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. பறையர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் பாலம் கட்டுகிற, பாதை வெட்டுகிற சாப்பர்ஸ், பயனியர்ஸ் படைகள். 1933இல் பயனியர்ஸையும் கலைத்தார்கள். அதே ஆண்டுகளில் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் எழுந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பச்சைத் தோலைத் தூக்கியது யார் கை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் கன்டோன்மென்டில், சுபேதார் ராம்ஜியின் மகனாக. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1883இல், நம் பறங்கிமலையில் பிறந்தவர் எம்.சி. ராஜா. அவருடைய தந்தை வேலை பார்த்ததும் பட்டாளத்தார் பிள்ளைகளுக்கான லாரன்ஸ் அசைலத்தில். 'பறையர், பஞ்சமர் என்று எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது' என அரசாங்கத்தின் ஏட்டையே 1922இல் திருத்த வைத்தவர் அவர்.

மாவ் இன்று டாக்டர் அம்பேத்கர் நகர். பறங்கிமலை இன்றும் பறங்கிமலைதான்.