நகர் அமைப்பு விளையாட்டுகளில் மக்களும் போக்குவரத்தும்

நகர் அமைப்பு விளையாட்டு என்பது, ஆட்டக்காரர் ஒரு மேயரின் இடத்தில் இருந்து சாலை, மின்சாரம், குடிநீர், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஏற்படுத்தி ஒரு நகரை வளர்க்கும் கணினி விளையாட்டு வகையாகும். 1989இல் வெளிவந்த சிம்சிட்டி இவ்வகையை உலகெங்கும் பரவலாக்கியது. இவ்விளையாட்டுகளில் சாலைகளையும் கட்டடங்களையும் அமைப்பவர் ஆட்டக்காரர். அங்கு வாழும் மக்களை இயக்குவது கணினி நிரல். அந்த மக்கள் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள், எந்தச் சாலை வழியாகச் செல்கிறார்கள் என்பதை நிரல் எப்படி முடிவு செய்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை விளையாட்டும் ஒவ்வொரு விடையைத் தந்துள்ளது.

இந்த விடைகளை இரண்டு வகைகளில் அடக்கலாம். ஒரு பள்ளியின் நிலையைத் தலைமையாசிரியர் இரண்டு விதமாக அறிய முடியும். மொத்த மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றைப் பார்ப்பது ஒரு விதம். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு மாணவரின் பெயரையும் பார்ப்பது மற்றொரு விதம். நகர் அமைப்பு விளையாட்டுகள் முதல் முறையில் தொடங்கி, ஏறத்தாழ 25 ஆண்டுகளில் இரண்டாம் முறைக்கு வந்து சேர்ந்தன.

தோற்றம்

சிம்சிட்டியை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட். 1984இல் அவர் ரெய்டு ஆன் பங்கலிங் பே என்னும் ஹெலிகாப்டர் போர் விளையாட்டை உருவாக்கினார். அதில் குண்டு வீசி அழிப்பதற்கான தீவுகளையும் தொழிற்சாலைகளையும் சாலைகளையும் வரையும் வேலை, விளையாட்டைவிடச் சுவையாக இருப்பதை அவர் கண்டார். அழிப்பதற்குப் பதிலாகக் கட்டுவதையே விளையாட்டாக்கும் எண்ணம் அங்குதான் தோன்றியது. 1987இல் ஜெஃப் பிரவுனுடன் இணைந்து மேக்சிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரைட், 1989இல் சிம்சிட்டியை வெளியிட்டார்.

வரைந்த நகருக்கு உயிர் கொடுக்க ரைட் நகரவியல் நூல்களைப் படித்தார். அவற்றுள் முதன்மையானது, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969இல் வெளியிட்ட அர்பன் டைனமிக்ஸ் என்னும் நூல். பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸுடன் நடத்திய உரையாடல்களிலிருந்து இந்நூல் பிறந்தது. வீடுகள், தொழில்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கை ஒன்றையொன்று எப்படிக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்தார் ஃபாரஸ்டர். ஏழைகளுக்கு மலிவு விலை வீடுகளைக் கட்டித் தருவது காலப்போக்கில் நகரின் நிலையை மோசமாக்கும் என்று அவருடைய கணினி விடை சொன்னது. இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஃபாரஸ்டரின் நகருக்கு வரைபடம் கிடையாது, சுற்றுப்புற ஊர்கள் கிடையாது என்பதைத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். எதைச் சமன்பாட்டில் சேர்ப்பது, எதை விடுவது என்று எழுதுபவர் எடுக்கும் முடிவு விடையையும் மாற்றிவிடும் என்பதை இவ்விவாதம் உணர்த்தியது.

ரைட் தம் நகருக்கு வரைபடத்தைச் சேர்த்தார். அதற்கு உதவியது கட்டத் தானியங்கி என்னும் கணித முறை. ஒரு கட்டத்தின் நிலை, அதன் பக்கத்துக் கட்டங்களின் நிலையைப் பொறுத்து மாறும் என்பதே அதன் அடிப்படை. கணிதவியலாளர் ஜான் கான்வே வகுத்த கேம் ஆஃப் லைஃப் இம்முறைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

முதல் சிம்சிட்டியின் போக்குவரத்து

முதல் சிம்சிட்டியின் நிலப்பரப்பு 120 கட்ட நீளமும் 100 கட்ட அகலமும் கொண்டது. குடியிருப்பு, வணிகம், தொழில் என மூன்று வகைப் பகுதிகளை ஆட்டக்காரர் ஒதுக்குவார். அந்த நகரில் தனிமனிதர் ஒருவர்கூடக் கிடையாது. மக்கள்தொகை என்பது பகுதிகளின் அடர்த்தியிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண் மட்டுமே.

இவ்விளையாட்டின் மூல நிரல் 2008இல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டதால், அதன் போக்குவரத்து எப்படி இயங்கியது என்பதை இன்று யாரும் படித்துப் பார்க்கலாம். ஒரு பகுதி தன் ஓரத்தில் சாலை இருக்கிறதா என்று முதலில் தேடும். சாலை கிடைத்தால் அதன் வழியே ஒரு பயணத்தைத் தொடங்கும். சந்திப்பு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். 30 கட்டங்களுக்குள் பொருத்தமான வேறொரு பகுதி பக்கத்தில் தென்பட்டால் பயணம் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. வெற்றி பெற்ற பயணம் கடந்த சாலைகளில் நெரிசல் எண் கூட்டப்படும். பயணம் தோற்ற பகுதியின் வளர்ச்சி பாதிக்கப்படும். திரையில் ஓடிய கார்கள் எங்கும் செல்பவை அல்ல. நெரிசல் எண் உயர்ந்த சாலைகளில் காட்டப்பட்ட அசையும் படங்கள் அவை.

இந்த எளிய முறையில் ஓர் ஓட்டை இருந்தது. நெரிசல் எண் சாலைகளுக்கு மட்டுமே கூட்டப்பட்டது, தண்டவாளங்களுக்குக் கூட்டப்படவில்லை. இதைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர்கள் சாலையே இல்லாமல் தண்டவாளங்களை மட்டும் போட்டு நெரிசலற்ற நகரங்களைக் கட்டினர்.

ஆயினும் அன்றைய கணினிகளின் சிறு நினைவகத்தில் ஒரு நகரம் வளர்வதையும் தேய்வதையும் காட்ட முடிந்தது பெரும் சாதனையே. 1990இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகர மேயர் தேர்தலில் போட்டியிட்டவர்களை உள்ளூர் நாளிதழ் ஒன்று சிம்சிட்டி விளையாட வைத்து, அதன் முடிவைச் செய்தியாக வெளியிட்டது. வெளிவந்த ஓராண்டிலேயே விளையாட்டின் விடை, நிர்வாகத் திறமைக்கு அளவுகோலாகப் பார்க்கப்படத் தொடங்கியது.

நடமாடும் மனிதர்கள்

கணினிகளின் வேகம் கூடியபோது தனிமனிதர்கள் திரையில் நடமாடத் தொடங்கினர். 1998இல் வெளிவந்த சீசர் 3 என்னும் ரோமானிய நகர் அமைப்பு விளையாட்டில், சந்தைக்காரரும் மருத்துவரும் தெருவில் நடந்து செல்வர். அவர்கள் கடந்து செல்லும் வீடுகளுக்கு மட்டுமே அந்தச் சேவை கிடைக்கும். ஆனால் சந்திப்புகளில் அவர்கள் நினைத்த பக்கம் திரும்பிவிடுவதால், சில வீடுகளுக்குச் சந்தைக்காரர் வராமலே போவதும் உண்டு. அடுத்த ஆண்டு வெளிவந்த ஃபேரோ விளையாட்டில், இவர்களைத் தடுத்துத் திருப்பச் சாலைத் தடுப்புகள் சேர்க்கப்பட்டன.

இதே காலத்தில் போக்குவரத்து அறிவியலும் இத்திசையில் சென்றது. 1992இல் காய் நாகல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் என்னும் இருவர் சாலையை 7.5 மீட்டர் நீளக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே நகர்த்தும் முறையை வெளியிட்டனர். வேகம் கூட்டு, முன்வண்டிக்கு இடம் விட்டு வேகத்தைக் குறை, சில நேரம் காரணமின்றி வேகத்தைக் குறை, நகர் என்னும் நான்கே விதிகள். விபத்தோ தடையோ இல்லாமலே சாலையில் நெரிசல் தானாகத் தோன்றுவதை இந்த விதிகள் காட்டின.

2003இல் வந்த சிம்சிட்டி 4 இடைநிலையில் நின்றது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு வழி தேடும் கணக்கு அதில் உண்டு. பக்கத்து நகருக்குச் சென்று வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் நகர எல்லையைக் கடந்த பயணி, அடுத்த நகரில் வேலை தேடாமல் மற்றோர் எல்லையைக் கடந்து, இப்படியே சுற்றி வந்து எங்கும் சேராமல் போகும் குறை இருந்தது. ஆட்டக்காரர்கள் இவர்களை முடிவில்லாப் பயணிகள் என்றனர். அவர்களில் சிலர் தாங்களே நிரல் திருத்தங்களை எழுதி வழி தேடும் முறையை மேம்படுத்தினர்.

2013: முகவர்களின் நகரம்

தனக்கென இருப்பிடமும் நோக்கமும் கொண்டு தனியே இயங்கும் உருவைக் கணினியியலில் முகவர் என்பர். 2013 மார்ச் மாதம் வெளிவந்த புதிய சிம்சிட்டி, முழு நகரையும் முகவர்களால் இயக்கியது. மனிதர்கள் மட்டுமன்றி மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகியனவும் குழாய்களிலும் சாலைகளிலும் ஓடும் முகவர்களாயின. எந்த மனிதரையும் சொடுக்கிப் பின்தொடரலாம் என்பது பெரிய ஈர்ப்பாக இருந்தது.

பின்தொடர்ந்தவர்கள் விந்தையான ஒன்றைக் கண்டனர். அந்த மனிதர்களுக்கு நிலையான வீடு இல்லை, நிலையான வேலையும் இல்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புபவர் அருகில் காலியாக உள்ள வேலையிடத்தில் நுழைவார். மாலையில் அருகில் காலியாக உள்ள வீட்டில் நுழைவார். மறுநாள் இரண்டுமே மாறலாம். வெளியான தொடக்கத்தில் வண்டிகள் தூரம் குறைந்த வழியையே பெரிதும் நாடின. அகலமான சாலை காலியாகக் கிடக்க, குறுகலான மண்சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. பின்னர் வந்த திருத்தங்கள் இதை ஓரளவு சரிசெய்தன.

மக்கள்தொகை எண்ணிலும் சிக்கல் எழுந்தது. திரையில் காட்டப்பட்ட எண்ணைப் பெருக்கிக் காட்டும் சூத்திரம் ஒன்றை ஆட்டக்காரர்கள் நிரலுக்குள் கண்டெடுத்தனர். 500 பேர் வரை எண்ணிக்கை உண்மையாகக் காட்டப்படும். அதற்கு மேல் உள்ளவர்களின் எண்ணிக்கை 1.2 என்னும் அடுக்குக்கு உயர்த்தப்படும். இக்கணக்கின்படி 10,500 பேர் உள்ள நகரம் திரையில் 63,595 பேர் கொண்டதாகத் தோன்றும். 40,845 பேரைத் தாண்டினால் எண் 8.25 மடங்காகக் காட்டப்படும். ஒவ்வொருவரையும் தனியே இயக்க வேண்டியிருந்ததால், பெருநகருக்குத் தேவையான அத்தனை பேரைக் கணினியால் தாங்க முடியவில்லை. குறைந்த மனிதர்களைக் கொண்டு பெருநகரின் தோற்றம் உருவாக்கப்பட்டது. பழைய சிம்சிட்டியிலும் மக்கள்தொகை கற்பனை எண்தான். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் உண்மையில் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டக்காரர்களின் ஏமாற்றத்துக்கு இந்த வேறுபாடே காரணம்.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்

2015 மார்ச் 10 அன்று, பின்லாந்தின் தம்பெரே நகரைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் என்னும் சிறு குழு சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாட்டை வெளியிட்டது. பொதுப் போக்குவரத்தை நடத்தும் விளையாட்டுகளை முன்பே உருவாக்கிய அனுபவம் அக்குழுவுக்கு இருந்தது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர், வயது, கல்வி, நிலையான வீடு, நிலையான வேலை உண்டு.

இதற்கும் எல்லைகள் இருந்தன. 10,48,576 குடிமக்கள் வரை பதிவேட்டில் இருக்கலாம். ஒரே நேரத்தில் நடமாடக்கூடியவர்கள் 65,536 பேர். ஓடக்கூடிய வண்டிகள் 16,384. இவை மூன்றும் இரண்டின் அடுக்குகளாக இருப்பது கணினி நினைவகத்தை ஒதுக்கும் முறையால் வந்தது. வண்டிகள் கிளம்பும்போதே வழியை முடிவு செய்துவிடும். முன்னால் நெரிசல் ஏற்பட்டாலும் வழியை மாற்றாது. ஆறு தடங்கள் உள்ள சாலையில் ஒரே தடத்தில் வண்டிகள் நீண்ட வரிசையாக நிற்பது ஆட்டக்காரர்களுக்குப் பழகிய காட்சி. அதிக நேரம் சிக்கிக்கொண்ட வண்டியை நிரல் சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

மக்கள்தொகையிலும் எதிர்பாராத விளைவு தோன்றியது. புதிய குடியிருப்பு ஒன்றை ஒதுக்கியதும் ஏறத்தாழ ஒரே வயதினர் கூட்டமாகக் குடியேறுவர். ஒரே காலத்தில் முதுமை அடைந்து ஒரே காலத்தில் இறப்பர். அமரர் ஊர்திகளால் சாலைகள் அடைபடும். ஆட்டக்காரர்கள் இதை மரண அலை என்றனர்.

2023 அக்டோபர் 24 அன்று வந்த இரண்டாம் பாகத்தில், நேரம், பணம், வசதி, நடத்தை என்னும் நான்கையும் எடைபோட்டு ஒவ்வொருவரும் வழியைத் தேர்கின்றனர். இளையோர் செலவு குறைந்த வழியையும், பெரியவர்கள் விரைவான வழியையும், முதியோர் வசதியான வழியையும் நாடுவர். நகரம் பெருகப் பெருகக் கணினியின் வேகம் குறைவது இதற்குக் கொடுக்க வேண்டிய விலையாக உள்ளது.

விடுபட்டவை

ஒரு விளையாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 2013 சிம்சிட்டியின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லைப்ராண்டு, உண்மை நகரங்களை அளந்து பார்த்தபோது கார் நிறுத்துமிடங்கள் எவ்வளவு நிலத்தை விழுங்குகின்றன என்று கண்டு வியந்ததாக ஒரு நேர்காணலில் கூறியுள்ளார். அந்த அளவிலேயே விளையாட்டிலும் வைத்தால் நகரம் முழுவதும் நிறுத்துமிடமாகிச் சலிப்பூட்டும் என்பதால், அவை நிலத்துக்கு அடியில் இருப்பதாகக் கொள்ளப்பட்டன. முதல் ஸ்கைலைன்ஸிலும் நிறுத்த இடமில்லாத காரை அதன் உரிமையாளர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது போல மறையச் செய்வார்.

இதன் விளைவு எளியது. காருக்கு இடமே தேவைப்படாத நகரில், காரை நம்பிய வாழ்க்கை உண்மையைவிட மலிவாகத் தோன்றும். காலமும் இப்படியே. விளையாட்டின் ஒரு நாள் சில நொடிகளில் கழிய, ஒரு கார் நகரைக் கடக்க நாட்காட்டியில் பல நாட்கள் ஆகிவிடும். காலை நெரிசல், மாலை நெரிசல் என்னும் வேறுபாட்டை இத்தகைய கடிகாரத்தால் காட்ட முடியாது.

மதிப்பீடு

மொத்தக் கணக்கிலிருந்து தனிமனிதருக்கு வந்த இப்பயணத்தை முழு வெற்றி என்றோ தோல்வி என்றோ கூற இயலாது. குலுக்கல் முறையில் திரும்பிய 1989இன் பயணமும், நான்கு காரணங்களை எடைபோடும் 2023இன் பயணமும் சிலவற்றைச் சேர்த்துச் சிலவற்றை விட்டவையே. மனிதரைத் தனியே காட்டும் முறையில் விடுபட்டவை கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு. பெயரும் வீடும் உள்ள ஒருவர் திரையில் நடந்து போகும்போது, அவரை நடத்தும் விதியை யாரோ ஒருவர் எழுதினார் என்பது மறந்துவிடுகிறது.

நகரத் திட்டமிடல் பற்றிப் பல மாணவர்கள் முதன்முதலில் அறிவது இவ்விளையாட்டுகள் வழியாகத்தான். ஒரு சந்திப்பை மாற்றினால் மூன்று தெரு தள்ளி நெரிசல் ஏற்படும் என்பதைப் பாடநூலைவிட இவை நன்றாகக் கற்றுத்தரும். மலிவு விலை வீடுகள் தீங்கு என்ற ஃபாரஸ்டரின் விடையை அன்று கேள்வி கேட்டவர்கள், அவருடைய சமன்பாட்டில் எது இல்லை என்று பார்த்தே கேட்டனர். விளையாடும் மாணவரும் தம் நகரம் செழிக்கும்போதோ சரியும்போதோ அதே கேள்வியைக் கேட்டால், விளையாட்டிலிருந்து நகரைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் ஒருசேரக் கற்றவர் ஆவார்.